மச்சினன் அனுப்பிய வீடியோவும் ஒன்பதாம் மாத ஊசியும்

வாசகர் கடிதம்:

டாக்டரம்மா, வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். எங்கள் மகளுக்கு அடுத்த வாரம் ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை ருபெல்லா ஊசிக்கு வரச்சொல்லி நர்சம்மா போன் செய்துவிட்டார். ஆனால் என் மனைவியின் தம்பி அந்த ஊசி வேண்டவே வேண்டாம் என்கிறான். இன்ஜினியரிங் படித்தவன், அக்கா மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறான். சமோவா என்ற நாட்டில் இந்த ஊசி போட்டு இரண்டு குழந்தைகள் அன்றைக்கே இறந்துபோயின, அரசாங்கமே ஊசியை நிறுத்தியது என்று ஒரு வீடியோ அனுப்பினான். இந்த ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று கண்டுபிடித்த லண்டன் டாக்டரின் வேலையையே பறித்துவிட்டார்களாம். ஆந்திராவில் பெற்றவர்களைக் கேட்காமல் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பரிசோதனை செய்தார்களாம். "டாக்டர் சொன்னா தலையாட்டிட்டே இருப்பீங்களா மாமா, சொந்தமா யோசிக்க மாட்டீங்களா" என்று கேட்கிறான். என் மாமியாரோ, "எங்க காலத்துல மணல்வாரி எல்லாருக்கும்தான் வந்துச்சு, வேப்பிலை கட்டி வச்சோம், சரியாப்போச்சு" என்கிறார். மணல்வாரி என்று தட்டம்மையைத்தான் சொல்கிறார். டாக்டர்களும் தப்பு செய்கிறார்கள், கம்பெனிகளும் லாபத்துக்குத்தான் நடத்துகிறார்கள். நான் யாரை நம்புவது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மச்சினன் சொன்ன மூன்று விஷயங்களில் இரண்டு நடந்தவைதான். சமோவாவில் இரண்டு குழந்தைகள் இறந்தது உண்மை. ஆந்திராவில் பெற்றவர்களைக் கேட்காமல் ஊசி போட்டதும் உண்மை. லண்டன் கதையிலும் ஒரு டாக்டர், ஒரு கட்டுரை, பறிபோன மருத்துவர் பதிவு என்பது வரை உண்மைதான். "எல்லாம் வாட்ஸ்அப் புரளி, டெலீட் பண்ணிட்டு ஊசியைப் போடுங்க" என்று நான் எழுதியிருந்தால், அவன் கூகுளில் தேடி சமோவா செய்தியைக் கண்டுபிடித்து உங்கள் முன்னால் நீட்டியிருப்பான். அதற்கப்புறம் நான் சொல்வது எதுவும் அந்த வீட்டுக்குள் ஏறாது.

சமோவாவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீடியோ எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். அது பசிபிக் கடலில் இருக்கும் சிறிய தீவு நாடு, மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே ஒரு மருத்துவமனையில் தட்டம்மைக்கான ஊசி போட்ட இரண்டு ஒரு வயதுக் குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அரசு இந்த ஊசியைப் பல மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. உங்கள் மச்சினன் பார்த்த வீடியோ இதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அந்தக் குழந்தைகள் எதனால் இறந்தார்கள்? இந்த ஊசிமருந்து புட்டியில் பொடியாகத்தான் இருக்கும். அதோடு தனியாக வரும் ஒரு திரவத்தை ஊற்றிக் கலக்கிய பிறகுதான் போட முடியும். அன்றைக்கு இரண்டு நர்ஸ்கள் அந்தத் திரவத்துக்குப் பதிலாக, ஆபரேஷன் நேரத்தில் தசையைத் தளர்த்துவதற்குக் கொடுக்கும் காலாவதியான மருந்தை எடுத்துக் கலக்கிவிட்டார்கள். அது சின்னக் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும். நர்ஸ்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் ஐந்தாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. சிரியாவின் இத்லிப் பகுதியிலும் 2014-ல் இதே மாதிரி மருந்து மாறிப்போய் 15 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இதை நான் மறைக்க மாட்டேன். குழந்தைகளைக் கொன்றது எங்கள் துறையின் கவனக்குறைவு. தடுப்பூசியின் குற்றம் இல்லை என்று சொல்வதால் பெற்றவர்களின் துயரம் துளியும் குறையாது. ஆனாலும் என்ன தவறு நடந்தது என்று தெரிந்தால்தான் நாளைக்கு உங்கள் மகளுக்கு ஊசி போடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரணம் நீதிமன்றத்தில் வெளிவர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டில் ஜனங்களுக்குத் தெளிவான பதில் இல்லை, பெரும்பகுதி நாள் ஊசியும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று உங்களுக்கே தெரியும். தடுப்பூசிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் வந்தார்கள், பப்பாளி இலைச் சாறும் வைட்டமினும் போதும் என்றார்கள். 2018-ல் அந்த நாட்டில் முதல் தவணை போட்ட குழந்தைகள் சுமார் 31 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. 2019-ன் கடைசி மாதங்களில் நியூசிலாந்து வழியாகத் தட்டம்மை உள்ளே வந்தது. 5,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது, 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் இதே விகிதத்தில் போயிருந்தால் ஏறத்தாழ 30,000 பேர். டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு வீடு வீடாக ஊசி போடப் போனது. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை.

அதே மாதங்களில், அதே கடலில், பக்கத்து நாடான டோங்காவிலும் தட்டம்மை பரவியது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வந்தது. பிஜியிலும் வந்தது. இரண்டு நாடுகளிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கெல்லாம் ஊசி போட்டவர்களின் விகிதம் மிக உயரத்தில் இருந்தது. ஒரே வைரஸ், ஒரே மாதிரித் தீவுகள், ஒரே மாதிரி உடம்பு. யாருடைய பேச்சையும் நம்பாமல் இந்த மூன்று நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மச்சினனிடம் சொல்லுங்கள். சமோவா என்று தொடங்கியவன் அவன்தான், அதை அவனே முடித்துவைக்கட்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். யாரை நம்புவது என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் ஒருவர் நிலம் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரிய மனுஷர், கோயில் தர்மகர்த்தா, வாயைத் திறந்தால் சத்தியம்தான் என்று ஊரே சொல்கிறது. அதற்காகப் பத்திரம் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரம் கேட்டு, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பீர்கள். டாக்டரிடமும் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் டீக்கடையில் ஒருவர், "அந்த நிலத்துல பெரிய வில்லங்கம் இருக்குப்பா, எனக்குத் தெரியும், வெளிய சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க" என்கிறார் என்று வையுங்கள். அவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: பத்திர எண் என்ன, எந்த வருஷம், எந்த சார்பதிவாளர் அலுவலகம்? உங்கள் மச்சினன் நிலம் விற்பவரிடம் மட்டும் பத்திரம் கேட்கிறான், டீக்கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். சொந்தமாக யோசிப்பது என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதிதான் யோசனை. மீதிப் பாதியில் அவனும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறான், ஆள்தான் வேறு.

லண்டன் டாக்டர் கதையை இந்தக் கண்ணால் பாருங்கள். அவர் பெயர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. 1998-ல் லான்செட் என்ற, மருத்துவ உலகில் மிகப்பெரிய மதிப்புள்ள இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. மொத்தம் 12 குழந்தைகளைப் பற்றியது. அன்றைக்கு அதிகாரத்தைக் கண்ணை மூடி நம்புகிறவர் யாரை நம்பியிருப்பார்? வேக்ஃபீல்டைத்தான்! பெரிய மருத்துவமனை, பெரிய இதழ், கோட் சூட் போட்ட டாக்டர். லட்சக்கணக்கான பெற்றோர் அப்படி நம்பித்தான் ஊசியைத் தவிர்த்தார்கள். அதைச் சந்தேகப்பட்டுத் தோண்டியவர் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர், டாக்டர்கூடக் கிடையாது. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீல் தரப்பிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் வாங்கியிருந்ததும், கட்டுரையில் எழுதியதும் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்பதும் வெளியே வந்தன. 2010-ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் நீண்ட விசாரணைக்குப் பிறகு அவருடைய பதிவை நீக்கியது. உண்மையைச் சொன்னதற்காகப் பறித்தார்கள் என்கிறான் மச்சினன். அந்த விசாரணையில் என்ன குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்பது பொதுவில் இருக்கிறது, அவனுக்கு ஆங்கிலம் தெரியும், படிக்கட்டும்.

டீர் தோண்டியது மட்டும் போதாது, ஏனென்றால் ஒரு ஆள் பொய் சொன்னார் என்பதாலேயே அவர் சொன்ன விஷயம் பொய் என்று ஆகிவிடாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். டென்மார்க்கில் 1999-க்கும் 2010-க்கும் இடையே பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் வரவில்லை. வேறு நாடுகளில் வேறு ஆட்கள் செய்த ஆய்வுகளும் அதையே காட்டின. அப்படியானால் பெற்றவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள். ஊசிகள் போடும் வயதும் ஏறத்தாழ அதுவே. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் தாய் பின்னோக்கிப் போய் என்ன நடந்தது என்று தேடத்தான் செய்வாள், தடுப்பூசி அட்டையில் தேதி போட்டு எழுதியிருப்பது ஊசி ஒன்றுதான். அப்படி என் முன்னால் உட்கார்ந்து அழுத தாய்மார்களிடம் எண்களைச் சொல்லி நான் வாதம் செய்ததில்லை, கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேருக்கு ஊசிக்குப் பிறகு வந்தது என்பதை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது, ஊசியே போடாதவர்களுக்கும் அதே அளவில் வருகிறதா என்பதையும் எண்ண வேண்டும். டென்மார்க்கில் செய்தது அதைத்தான்.

ஆந்திரா விஷயத்தில் நான் மச்சினன் பக்கம். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயாக இருந்தாலும் அவளிடம் போய், உட்கார்ந்து, அவள் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அந்தத் திட்டக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். விசாரித்தபோது நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது போன்ற காரணங்கள் தெரியவந்தன. ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பு இல்லை என்றே விசாரணைக் குழு முடிவு சொன்னது.

ஆக, சம்மதம் வாங்கியதில் நடந்தது அநியாயம், ஊசி கொன்றது என்பது நிரூபணமாகவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது கொஞ்சம் கஷ்டம்தான். ஒன்று நிஜமாக இருந்தால் மற்றதும் நிஜமாகத்தான் இருக்கும் என்று மனசு இழுக்கும். எங்கள் ஆட்கள் இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை விழுங்கப் பார்ப்பார்கள். வீடியோ போடுகிறவர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து விற்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த அநியாயம் எப்படி வெளியே வந்தது? பெண்கள் அமைப்புகளும் சுகாதார ஆர்வலர்களும் கம்மத்துக்கு நேரில் போய்ப் பார்த்துக் கேட்டார்கள், படிவங்கள் சிக்கின, ஊர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, எண்ணிக்கை இருந்தது. உண்மையான சதிகள் உலகத்தில் நடக்கத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் டஸ்கிகி என்ற ஊரில் 1932-லிருந்து 1972 வரை மேகநோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு வேண்டுமென்றே சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள், அதுவும் அரசின் சுகாதாரத் துறையே. அதுவும் உள்ளே வேலை பார்த்த ஒருவர் பத்திரிகைக்குச் சொல்லி, ஆவணங்களோடுதான் வெளியே வந்தது. நடந்த சதிக்கு நாற்பது வருஷம் கழித்தானாலும் ஒரு காகிதம் கிடைக்கிறது. உங்களுக்கு வந்த வீடியோவில் "அவர்கள்" என்று ஒரு வார்த்தை வருமே, யார் அந்த அவர்கள், எந்த ஊர், எந்த தேதி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சமோவாவுக்கு எழுத முடியும், கம்மத்துக்கு எழுத முடியும். மக்கள்தொகையைக் குறைக்கத்தான் ஊசி என்றும் இப்படிப்பட்ட வீடியோக்களில் சொல்வார்கள், அதற்கு எழுத முடிகிறதா பாருங்கள்.

இந்தியாவும் பாகிஸ்தானும் இந்த ஊசியைப் போடுகின்றன, அமெரிக்காவும் ஈரானும் போடுகின்றன. ஒருவர் நல்லது சொன்னால் மற்றவர் எதிர்ப்பேச்சுப் பேசும் நாடுகள் இவை. ஊசியில் விஷம் இருந்தால் அதை உலகத்துக்குக் காட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் எதிரி நாட்டுக்கு வேறு என்ன? உங்கள் ஊர் நர்சம்மாவின் பேரப்பிள்ளைக்கும் இதே புட்டியிலிருந்துதான் போடுகிறார்கள்.

கம்பெனி லாபம் என்றீர்கள். ஆமாம், லாபம் இருக்கிறது. அதனால்தான் கம்பெனி சொல்வதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்றால், ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 1998-ல் அமெரிக்காவில் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஒரு தடுப்பு மருந்து வந்தது, ரோட்டாஷீல்டு என்று பெயர். லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது, குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் கோளாறு 15 குழந்தைகளுக்கு வந்ததாகப் புகார்கள் பதிவாயின. பதினைந்தே பதினைந்து! 1999 ஜூலையில் அதை நிறுத்தச் சொன்னார்கள், அக்டோபரில் சந்தையிலிருந்தே போய்விட்டது. என் துறையை நான் நம்புவதற்குக் காரணம் அதில் உத்தமர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பதால் இல்லை தம்பி. தப்பு நடந்தால் பிடிபடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, சில நேரம் உள்ளே இருந்தவர்களே பிடித்திருக்கிறார்கள், சில நேரம் வெளியே இருந்தவர்கள். இந்தியாவிலும் ஊசிக்குப் பின் ஏதாவது நடந்தால் விசாரிக்க மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று மட்டத்தில் குழுக்கள் இருக்கின்றன. அவை இன்னும் வேகமாக, இன்னும் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். வீடியோ போட்டவர் சொன்னது தப்பு என்று தெரிந்தால் அதை யார் பிடிப்பார்கள், அவர் எங்கே திருத்தம் போடுவார்? இதை மச்சினனிடம் சண்டையாகக் கேட்காமல் நிஜமாகவே கேளுங்கள்.

மாமியார் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். மணல்வாரி வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், அது உண்மை. ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள், அவருடைய அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் தங்கினார்கள் என்று. தங்காத பிள்ளைகளின் பெயர்கூட வீட்டில் பேச மாட்டார்கள். 1980 வாக்கில்கூட உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 லட்சம் பேர் தட்டம்மையில் இறந்துகொண்டிருந்தார்கள். இப்போதும் தட்டம்மை வந்த குழந்தைகளில் இருபதில் ஒருவருக்கு நிமோனியா வரும், ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் வரும். ஒரு நோயாளி தன்னைச் சுற்றி எதிர்ப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். இதற்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. (வைட்டமின் ஏ கொடுத்தால் சிக்கல் குறையும், நாங்களே அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கிறோம். சமோவாவில் வைட்டமின் போதும் என்றவர்கள் பிடித்துக்கொண்ட உண்மை இதுதான். ஆனால் அது வந்த பிறகு கொடுப்பது, வராமல் தடுக்காது.)

ருபெல்லாவுக்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. குழந்தைக்கு வந்தால் அது லேசான காய்ச்சல், படை, அவ்வளவுதான். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் இணைந்து செய்து 1996-ல் வெளியான ஆய்வில், பிறவிக் கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காரணம் ருபெல்லா. நம் பக்கத்துக் குழந்தைகள். இந்த ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் மகள் ஒரு நாள் தாயாகும்போது அவள் பிள்ளை கண் தெரிந்து பிறக்க வேண்டும் என்பதற்காகப் போடுகிற ஊசி இது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் போடும் இயக்கம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான் அப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் வதந்தி தீயாகப் பரவியது. ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "இவ்வளவு நாளா இல்லாம இப்ப எதுக்கு, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதுக்கு" என்று கேட்டார். அருமையான கேள்வி. நான் களைப்பில், "அரசாங்கம் சொல்லுது, டாக்டர் நான் சொல்றேன், போடுங்கம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மகன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார், பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் போனார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது: ஒன்பதாம் மாதத்தில் போடும் தவணை நூற்றில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும், மீதிப் பேருக்கு இரண்டாவது வாய்ப்பு வேண்டும். தவிர, அதுவரை போட்டுக்கொண்டிருந்ததில் ருபெல்லா இல்லை. இரண்டு வாக்கியம். அதைச் சொல்லாமல் பதவியைக் காட்டினேன். மறுநாள் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சொன்னேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை, நான்கு நாள் கழித்து அவராகவே வந்தார்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் டாக்டரிடம் நீங்கள் பணிந்து போக வேண்டிய அவசியம் இல்லை. பதில் சொல்கிறவர் கிடைக்கும் வரை கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்: "டாக்டரம்மா, எது நடந்தா நீங்க உங்க கருத்தை மாத்திக்குவீங்க?" டென்மார்க் கணக்கில் ஊசி போட்ட பிள்ளைகள் மோசமாக இருந்திருந்தால் மாற்றிக்கொண்டிருப்பேன். டோங்காவில் நிறைய பேர் இறந்து சமோவாவில் ஒருவரும் இறக்காமல் இருந்திருந்தால் மாற்றிக்கொண்டிருப்பேன். இதே கேள்வியை மச்சினனிடமும் கேளுங்கள், குடும்ப குரூப்பில் வேண்டாம், நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியாக, வண்டியில் போகும்போது கேளுங்கள். அக்கா மகள் மேல் பாசத்தில்தான் அவன் இவ்வளவும் தேடியிருக்கிறான், அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். போட்ட ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், லேசாகப் படை தெரியலாம். மூவாயிரம், நாலாயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பின்விளைவு இல்லாமல் சரியாகிவிடும். பத்து லட்சத்தில் ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம், அதற்காகத்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்குக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஏதாவது ஊசிக்கு மோசமான ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருப்பதாக யாராவது சொல்லியிருந்தாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புதன்கிழமை ஊசிக்குப் போகும்போது மச்சினனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். புட்டியை எத்தனை மணிக்குக் கலக்கினார்கள் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கலக்கி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது, கொட்டிவிட வேண்டும். கலக்கிய திரவம் அந்த மருந்தோடு வந்ததுதானா, வேறு மருந்துகள் அதே பெட்டியில் இல்லையே என்று கேட்கச் சொல்லுங்கள், சமோவாவில் யாரும் கேட்காத கேள்வி அது. காலாவதித் தேதியைப் படிக்கட்டும். ஊசிக்குழல் புதிதாக உறையிலிருந்து பிரித்ததா என்று பார்க்கட்டும். புட்டியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும், உள்ளே இருக்கும் சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும், வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் மருந்து சூடு பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். சில புட்டிகளில் அது மூடியிலேயே இருக்கும், அதனால் திறப்பதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். நல்ல நர்சம்மாவுக்கு இதைக் கேட்டால் கோபம் வராது, எடுத்துக் காட்டுவார்.

காய்ச்சல் வந்தால் எவ்வளவு பாரசிட்டமால் சொட்டு கொடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் எடையைச் சொல்லி அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய் சேய் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், அடுத்த தவணை 16 மாதத்துக்கு மேல், 24 மாதத்துக்குள். போட்டுவிட்டு வந்து மச்சினன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள். அவனுக்கு இன்னும் கேள்வி இருந்தால் அவனையே எழுதச் சொல்லுங்கள்.